நாலு சாம்பல் நிறம்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பர்ணியை இன்று கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டு வந்தோம். அறைக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் சௌபர்ணிகா என்பதை 'சவுபர்னிக்கா' என்று எழுதியிருந்தார்கள். காப்பாளரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னேன். இருபது வருடமாக ஸ்டிக்கர் கடை வைத்திருப்பவனுக்கு எழுத்துப் பிழை என்றால் கண்ணில் தூசி விழுந்த மாதிரி. "விடுங்ப்பா, எப்படி எழுதுனா என்ன" என்றாள் பர்ணி.

வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்தான். பல்லடத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் பேருந்தே வருகிறது, எங்கள் தெரு முனையில் நிற்கிறது. இருந்தும் விடுதியில்தான் இருப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தினமும் வந்து போனால் அலுப்பாக இருக்கும் என்று அவள் அம்மா சுகந்தியிடம் காரணம் சொன்னாளாம். என்னிடம் காரணம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

விமானம் பற்றிப் படிக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள். சென்னைக் கல்லூரியில் அந்த இடம் கிடைக்கவில்லை, இங்கே கம்ப்யூட்டர் கிடைத்திருக்கிறது. கவுன்சிலிங் என்றால் அப்படித்தான். யார் எங்கே படிப்பது என்று மெஷின் முடிவு செய்கிறது. கல்லூரி விருப்பப் பட்டியலை நேரத்துக்குள், விதிப்படி, நான்தான் லாக் செய்து கொடுத்தேன். கம்ப்யூட்டருக்கு வேலை இருக்கிறது. இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது?



ஆகஸ்ட் 19, செவ்வாய்

கடை. இரண்டு லாரிக்கு முன் கண்ணாடி எழுத்து, ஒரு டெம்போவுக்குப் பின்னால் கருப்பராயன் சாமி படம். வீட்டில் மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டுச் சுகந்தி ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

ஆகஸ்ட் 23, சனி

மதியம் ஒரு போன். கோயம்புத்தூர் பல் டாக்டராம், அல்போன்ஸ் என்று பெயர். பொம்மை விமானம் கட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, அதற்கு இவர் தலைவர். பொம்மை என்று நான் சொன்னதும் "மாடல் சார், பொம்மை இல்லை" என்று திருத்தினார். அக்டோபர் ஐந்தாம் தேதி கண்காட்சி. பர்ணி மே மாதமே பெயர் கொடுத்திருக்கிறாள்.

"அந்த மிக் எந்த அளவுல இருக்கு சார்? மெசேஜ் போட்டா பதிலே இல்ல. கடைசி தடவ பாத்தப்ப பிரமாதமா இருந்துச்சு. கொண்டு வருவா இல்ல?"

"கொண்டு வருவாளுங்க சார்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வராது என்று சொல்ல வாய் வரவில்லை.

கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து அவள் அலமாரி மேலிருந்த தெர்மாகோல் பெட்டியை இறக்கினேன். உள்ளே அந்த விமானம். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம் இருக்காது, அதைவிடச் சின்னது. ஸ்லோவாக்கியா நாட்டு விமானப்படையின் மிக்-29. அந்தப் பெயிண்ட்தான் விசேஷம். கம்ப்யூட்டரில் ஒரு போட்டோவைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கட்டம் கட்டமாக உடையுமே, அந்த மாதிரி நாலு சாம்பல் நிறத்தில் கட்டங்கள். டிஜிட்டல் கேமஃப்ளாஜ் என்கிறார்கள். வானத்தில் பறக்கும்போது விமானம் எங்கே முடிகிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாதாம்.

இவள் வெளிர் சாம்பலை முழுக்கப் பூசி, அதன் மேல் அடுத்த நிறம் படாமல் மறைக்க மஞ்சள் டேப்பைக் கையாலேயே குட்டிக் குட்டிச் சதுரமாக வெட்டி ஒட்டியிருக்கிறாள். அரிசி அளவுக் கட்டங்கள், நூற்றுக்கணக்கில். இடது இறக்கையில் இரண்டாவது சாம்பலை அடிக்க ஆரம்பித்துப் பாதியில் நிற்கிறது. கவுன்சிலிங் முடிவு வந்த அன்றைக்கு நிறுத்தியிருப்பாள் போல.

நம் கடையில் கட்டிங் மெஷின் இருக்கிறது. பத்து நிமிடத்தில் இத்தனை கட்டத்தையும் வெட்டித் தள்ளும். இவள் ஒருமுறை கேட்டாள்தான். வேலை நேரத்தில் விளையாட்டுக்கெல்லாம் மெஷின் கிடையாது என்று சொன்னது ஞாபகம் வருகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

போன் செய்தேன். கண்காட்சி விஷயத்தைச் சொன்னேன்.

"நான் போகலீங்ப்பா."

"அப்ப இந்த ஏரோப்ளேன் கண்ணு?"

"யாருக்காச்சும் குடுத்துருங்க. இல்லாட்டிப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுருங்க. எனக்கு அதுக்கெல்லாம் தகுதி இல்லீங்ப்பா."

கோபத்தில் பேசுகிறாள். பதினெட்டு வயதில் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள்.

நானே முடித்து வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஆயுத பூஜைக்கு வரும்போது முழு விமானத்தைப் பார்த்தால் மனசு மாறும். பழையபடி என்னிடம் பேசுவாள். கட்டம் வெட்டி ஒட்டுவதுதானே, இது என் தொழில்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. பிள்ளையார் பேனர் வேலை நேற்றோடு முடிந்தது. மதியம் விமானத்தை எடுத்து உட்கார்ந்தேன்.

முதல் வேலையாக அவள் ஒட்டியிருந்த மஞ்சள் டேப்பை எல்லாம் எடுத்துவிட்டேன். ஓரங்கள் கோணல், சில கட்டம் பெரிசு, சில சிறிசு. பெட்டிக்குள் இருந்த வரைபடத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் அளவெடுத்து வரைந்தேன். இடது பக்கம் ஒன்றை வரைந்தால் போதும், அதையே திருப்பிப் போட்டால் வலது பக்கம் வந்துவிடும். கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டுவதற்கு எழுத்தைத் திருப்பி வெட்டியே பழகியவன் நான். மெஷின் ஒரு சதுரம்கூடப் பிசகாமல் வெட்டிக் கொடுத்தது. நம்பர் பிளேட்டுக்குப் போடுகிற நல்ல ஸ்டிக்கர், வெயிலிலும் மழையிலும் ஐந்து வருடம் அசையாது.

சுகந்தி கொழுக்கட்டை கொண்டுவந்து வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"அவ பொருள்ல எதுக்கு கை வெக்கறீங்க?"

"பாதில நின்னுட்டு இருக்குது. முடிச்சுக் குடுக்கறேன்."

"அவ கேட்டாளா?"

கேட்டால்தான் செய்ய வேண்டுமா? அப்பன்காரன் செய்கிற பாதி வேலை பிள்ளைகள் கேட்காமல் செய்வதுதான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நாசமாகப் போயிற்று.

ஸ்டிக்கர்களை ஒட்டிவிட்டு, பெயிண்ட் அடிக்கிற அவளுடைய பேனா மாதிரித் துப்பாக்கியில் இரண்டாவது சாம்பலை ஊற்றி இடது இறக்கை முழுவதும் அடித்தேன். நன்றாகவே வந்தது. காய்ந்த பிறகு ஒரு ஸ்டிக்கரைச் சாமணத்தால் பிடித்து இழுத்தேன். ஸ்டிக்கரோடு அவள் பூசியிருந்த வெளிர் சாம்பலும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. கீழே வெறும் பிளாஸ்டிக். இன்னொன்றை இழுத்தேன், அதுவும் அப்படியே. மெதுவாக இழுத்தால் வராது என்று நினைத்து மெதுவாக இழுத்தேன். அப்போதும் வந்தது.

ஐந்து வருடம் அசையாத பசை. என் கடையில் நானே மார்தட்டி விற்கிற சரக்கு.

அவள் அந்த முதல் நிறத்தைப் பூசியது மார்ச் மாதம், பொதுத்தேர்வு முடிந்த மறுநாள். மொட்டை மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தூசி விழக்கூடாது என்று மின்விசிறியைக்கூடப் போடாமல் வேர்த்து வழிய நின்றாள். எட்டிப் பார்த்த என்னை "உள்ள வராதீங்ப்பா, தூசு" என்று துரத்தினாள். அந்தப் பூச்சு இப்போது என் ஸ்டிக்கர்களின் முதுகில் ஒட்டிக்கொண்டு குப்பைத் தொட்டியில் கிடக்கிறது.

சுகந்தியிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

அல்போன்ஸ் டாக்டரைக் கூப்பிட்டேன். பொண்ணு கேட்கச் சொன்னது என்று ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னேன்.

"வண்டி ஸ்டிக்கரா? கடவுளே! அது பெயிண்ட பிச்சுக்கிட்டு வந்துடுமே சார். அவளுக்கு இது தெரியுமே. எங்க சங்கத்துல புதுசா வர்றவங்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுக்கறதே அவதான்."

"மறந்திருப்பாளுங்க சார்" என்றேன். என் முட்டாள்தனத்தையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டேன்.

வேறு வழியில்லை, எல்லாவற்றையும் கழுவி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். ஸ்டிக்கர்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டையும் முதலில் தோலிலோ துணியிலோ நான்கைந்து முறை ஒட்டி எடுத்துப் பசையின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அப்புறம் விமானத்தில் ஒட்ட வேண்டுமாம். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில். ஒவ்வொரு நிறத்திலும் எது அப்படியே இருக்க வேண்டுமோ அதை மூடிவிட்டு அடுத்ததை அடிக்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் உரித்தால்தான் என்ன வந்திருக்கிறது என்று தெரியும்.

"பொறுமை வேணும் சார். உங்க பொண்ணுக்கு அது நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கண்ணாடி துடைக்கிற ஸ்பிரிட்டில் முக்கி விமானத்தை முழுக்கக் கழுவினேன். அவள் பூசியதில் மிச்சம் இருந்ததும் போனது. பால் மாதிரி சாம்பல் தண்ணீர். அதை வாசல் செடிக்கு ஊற்ற மனம் வராமல் சாக்கடையில் ஊற்றினேன்.

வெளிர் சாம்பல் மறுபடி பூசியாயிற்று. இப்போது ஒவ்வொரு சதுரத்தையும் இடது முழங்கையின் உள்பக்கத்தில் ஒட்டி, எடுத்து, ஒட்டி, எடுத்து, அப்புறம் விமானத்தில் வைக்கிறேன். முடியெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. தோல் சிவந்து தடித்திருக்கிறது.

"இதென்ன கையில? அம்மை மாதிரி இருக்குது?" என்றாள் சுகந்தி.

சொன்னேன். அவள் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவினாள். எண்ணெய் பட்டால் ஸ்டிக்கர் ஒட்டாது என்று நான் கத்தினேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

செப்டம்பர் 11, வியாழன்

காமநாயக்கன்பாளையத்திலிருந்து ஒருவர் வந்தார். கோயில் விசேஷத்துக்கு முன்னால் பேனர் வேண்டும். தங்கச்சி மகனுக்கு வாழ்த்து. சென்னையில் இடம் கிடைத்திருக்கிறது.

"என்ன படிப்புங்க?"

"ஏரோப்ளேன் படிப்புங்க. பேருக்குப் பக்கத்துல பெருசா ஒரு ஏரோப்ளேன் போட்டுருங்க."

கல்லூரி பெயரைச் சொன்னார். பர்ணி கேட்ட அதே கல்லூரி. என் கை மௌஸ் மேலேயே நின்றது.

"நல்ல மார்க்குங்களா?"

"எங்கீங்க! நூத்தி எழுபத்தாறுதான். நம்ம பிரிவுல கடைசி சீட்டு இவனுக்குத்தான். அதிர்ஷ்டம் நெம்ப இருந்துச்சுன்னு வெச்சுக்கோங்க."

பர்ணி நூற்று எழுபத்தெட்டரை.

பேனரை வடிவமைத்துக் கொடுத்தேன். நீல வானம், வெள்ளை மேகம், மூலையில் விமானம், நடுவில் அந்தப் பையனின் போட்டோ. இன்னும் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வருங்களா என்று கேட்டார். உதட்டு ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அவர் இரண்டு முறை படித்துப் பார்த்தார். இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

விமானத்தைத் தொடவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதினால் ஒருவேளை தூக்கம் வரும்.

ஜூலையில் அந்தச் சனிக்கிழமை சுகந்தியும் பர்ணியும் தாராபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுச் சீர் விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்குள் பட்டியலை லாக் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் பர்ணி முதல் நாளே வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். முதல் மூன்று வரியும் விமானப் படிப்பு, அதில் முதலாவது சென்னைக் கல்லூரி. அதற்குக் கீழேதான் மற்றவை. என் நம்பருக்குத்தான் ஓடிபி வரும். "அப்படியே லாக் மட்டும் பண்ணிருங்ப்பா, வேற எதையும் தொடாதீங்க" என்று வண்டி ஏறும்போதும் சொன்னாள்.

கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முதல் மூன்று வரியையும் எடுத்துவிட்டேன். நான்காவது முதலாவதாயிற்று. ஓடிபி வந்தது, போட்டேன்.

சென்னை தூரம். விமானப் படிப்புக்கு இங்கே வேலை கிடையாது என்று யாரோ சொன்னார்கள். ஒரே பிள்ளை. இதையெல்லாம் காரணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் அவள் வீட்டை விட்டுப் போவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். முடிவு வந்த அன்று, "மேல மூணும் கிடைக்கல கண்ணு, ஒரு மார்க்குல போயிருச்சு" என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்து, நம்பினாள். வேறு எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எப்படியும் கிடைத்திருக்காது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நினைப்பில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். வியாழக்கிழமையோடு அதுவும் போய்விட்டது.

செப்டம்பர் 15, திங்கள்

எழுதியும் தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

இரண்டாவது சாம்பல் முடிந்து மூடியாயிற்று. மூன்றாவது அடித்தேன். மூன்றாவதும் நான்காவதும் புட்டியில் பார்த்தால் எனக்கு ஒன்று போலத்தான் தெரிகின்றன. மூடியில் பர்ணி எண் எழுதி வைத்திருக்காவிட்டால் குழம்பியிருப்பேன்.

இப்போது விமானம் பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கிறது. மேலெல்லாம் ஸ்டிக்கர், அதன் மேல் பெயிண்ட், அதன் மேல் ஸ்டிக்கர். சொறி பிடித்த நாய் மாதிரி.

சுகந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நேத்து போன்ல பர்ணி அம்மிணி அழுதா. கிளாஸ்ல எல்லாரும் என்னை விட நல்லா பண்றாங்கம்மா, நான் எதுக்குமே ஆகமாட்டேன்னு. ஸ்கூல்ல முதல் ரேங்க் வாங்குனவ. எனக்குப் பகீர்ன்னு இருந்துச்சு."

"புது இடம். பழகிரும்."

"நான்தான் தப்புப் பண்ணிட்டனுங்க. முடிவு வந்தன்னிக்கு, இன்னுங் கொஞ்சம் படிச்சிருந்தா அந்த ஒரு மார்க்கு வந்திருக்குமேன்னு சொல்லிப்போட்டேன். அது அவ மனசுல ஆணியடிச்ச மாதிரி நின்னுருச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சாமணத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. சொல்லவில்லை. இப்போது அவளும் செய்யாத தப்புக்கு அழுகிறாள். வீட்டில் தப்புச் செய்தவன் ஒருவன்தான் காய்ந்த கண்ணோடு இருக்கிறான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நான்காவது நிறம் நேற்று அடித்தது காய்ந்துவிட்டது. இன்று உரித்தேன். காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாடு தாண்டிவிட்டது. பெயிண்ட் ஓர் இடத்தில்கூடப் பிய்த்துக்கொண்டு வரவில்லை.

அழகாக இருக்கிறது. என் வாயாலேயே சொல்கிறேன், அழகாக இருக்கிறது. கட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் விமானத்தின் ஓரமே கரைந்துவிடுகிறது. சுகந்தி பார்த்துவிட்டுக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் வந்தது. வந்தவுடனேயே வெட்கமாகவும் இருந்தது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பர்ணி காலையில் வந்தாள். இளைத்திருக்கிறாள்.

கடையில் கட்டிங் மெஷின், பிரிண்டர், கத்தி, ஸ்கேல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, நடுவில் ஒரு பலகை போட்டு விமானத்தை வைத்திருந்தேன். அதற்கு மட்டும் சந்தனம் வைக்கவில்லை, ஒரு செவ்வந்திப் பூவைப் பக்கத்தில் வைத்தேன். அவள் பொரித் தட்டோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது... யாருங்ப்பா பண்ணுனது?"

"நான்தான்."

"நீங்களா?" குனிந்து பார்த்தாள். கண்ணை அதன் உயரத்துக்குக் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். இரண்டு மாதமாகக் கேட்காத சிரிப்பு. "அப்பா, வலது றெக்கை தப்புங்! இடதையே திருப்பிப் போட்டிருக்கீங். ரெண்டும் வேற வேற டிசைனுங்ப்பா. லாரிக் கண்ணாடின்னு நெனச்சுட்டீங்ளா?"

"அழிச்சுட்டு மறுபடி அடிச்சுடறேன் கண்ணு."

"வேண்டாங். இப்படியே இருக்கட்டும்." என் கையைப் பிடித்தவள் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். தோல் இன்னும் ஆறவில்லை. எப்படி ஆனது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னு நெனச்சேனுங்ப்பா. நான் அந்த சீட்டு வாங்கியிருந்தா நீங்க எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பீங்க. என்னாலதான் முடியாமப் போச்சு. அந்த வெக்கத்துலதான் உங்ககூடப் பேசவே இல்ல."

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சுகந்தி மணி அடித்தாள். நான் பர்ணியின் தலையைத் தடவிக் கொடுத்தேன். நான் எதற்காக இந்த வேலையை ஆரம்பித்தேனோ அது கிடைத்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் கடைசிவரை என்னிடமே இருக்கும்.

அக்டோபர் 3, வெள்ளி

மூன்று நாளாக வீடு மறுபடி வீடாக இருக்கிறது. விமானத்தில் நாட்டு முத்திரைகளை அவளே ஒட்டினாள். தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி விடுகிற ஸ்டிக்கர். எப்படி ஒட்டுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். "ஸ்டிக்கர்காரருக்கே பாடமா" என்று சுகந்தி கேலி செய்தாள். நான் சிரித்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். மோர் கொஞ்சம் புளிப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

அக்டோபர் 4, சனி

சொல்லவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

கோயம்புத்தூர்க் கண்காட்சிக்கு நானும் பர்ணியும் வேனில் போனோம். சுகந்திக்குத் தலைவலி, வரவில்லை. பெரிய கூடம், நீளமான மேஜைகள், கப்பலும் டாங்கியும் விமானமுமாக வரிசைகள். எங்கள் மிக்கைச் சுற்றி எப்போதும் நான்கு பேர் நின்றார்கள். அல்போன்ஸ் டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். வலது இறக்கையைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். பர்ணி உடனே, "அப்பா பண்ணுனது டாக்டர். முத்திரை மட்டும்தான் நான்" என்றாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். செப்டம்பரில் போன் செய்தது யாருக்காக என்று புரிந்துகொண்டார் போல.

அப்போது யாரோ ஒரு பெரியவர், பழைய விமானப்படைக்காரராம், பர்ணியிடம் கேட்டார்: "இவ்வளவு ஆர்வம் இருக்கே, ஏரோநாட்டிக்கல்தானே படிக்கிறே?"

"இல்லீங்க சார். எனக்கு மார்க் பத்தல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அழவில்லை, தயங்கவில்லை. என் பெயர் சௌபர்ணிகா என்று சொல்வது போலச் சொன்னாள். இனி வாழ்நாள் முழுக்க கேட்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்வாள், சொல்லிச் சொல்லி அது நிஜமாகவே ஆகிவிடும் என்று எனக்கு அந்த இடத்தில் புரிந்தது. அந்தப் பெரியவர், "பரவாயில்லம்மா" என்று அவள் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

திரும்பி வரும்போது சூலூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். விமானப் பெட்டி அவள் மடியில் இருந்தது. டீ குடிக்க நிறுத்தியிருக்கிறேன் என்று நினைத்துக் கதவைத் திறந்தாள்.

"இரு கண்ணு. ஒண்ணு சொல்லோணும்."

சொன்னேன். தாராபுரம் போன சனிக்கிழமை, மூன்று வரி, ஓடிபி, ஒரு மார்க்கு என்று சொன்ன பொய். ஸ்டியரிங்கைப் பார்த்தபடிதான் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அந்த மூணும் பட்டியல்லயே இல்லீங்ளா?"

"இல்ல கண்ணு. எடுத்துட்டேன்."

"இருந்திருந்தா கிடைச்சிருக்குமா?"

இதற்கு மட்டும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு கணம் அதுவும் தோன்றியது.

"நூத்தி எழுபத்தாறு எடுத்த பையனுக்குக் கிடைச்சிருக்குது. நான்தான் அவனுக்கு பேனர் போட்டுக் குடுத்தேன். உனக்குக் கட்டாயம் கிடைச்சிருக்கும்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். இறங்கிப் போய்விடுவாள் என்றும் நினைத்தேன். பெட்டியை என் மேல் எறிந்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவள் பெட்டியைப் பத்திரமாகக் கீழே காலடியில் வைத்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்ப எனக்கு மார்க் பத்தியிருக்கு" என்றாள்.

மறுபடியும் அதையே சொன்னாள். "மார்க் பத்தியிருக்குங்ப்பா. நான் முட்டாள் இல்ல." தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. தொடலாமா என்று கையைத் தூக்கினேன். அவள் ஜன்னல் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள். கையை இழுத்துக்கொண்டேன்.

போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். "அம்மா, எனக்கு மார்க் பத்துச்சும்மா. ஆமாம்மா, சென்னைக்கு. நெஜமாத்தான். நான் நல்லாத்தாம்மா எழுதியிருந்தேன்." அந்தப் பக்கம் சுகந்தி என்ன கண்ணு, என்ன ஆச்சு, எப்படி என்று கேட்பது எனக்கே கேட்டது.

பர்ணி முகத்தைத் துப்பட்டாவில் துடைத்தாள். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"எப்படின்னு அப்பா சொல்லுவாங்கம்மா" என்று சொல்லிப் போனை என் பக்கம் நீட்டினாள்.

வாங்கினேன்.

"சுகந்தி" என்றேன்.